அம்மாவின் லாக்கர்: கூட்டுப் பெயர் அண்ணனுடையது, நகை யாருடையது?

காவேரிக்கரை
வணக்கம். இந்த இணைய மன்றத்தின் சொத்துப் பகுதியில் பட்டா, பத்திரம் பற்றித்தான் அதிகம் பேசுகிறீர்கள். என் பிரச்சினை நகை.

அம்மா இந்த ஆடியில் தவறிவிட்டார். அப்பா முன்பே போய்விட்டார். நாங்கள் மூன்று பேர். அண்ணன் கும்பகோணத்தில் அம்மாவோடு இருந்தார், நான் ஈரோட்டில், தங்கை கனடாவில். அம்மா பெயரிலும் அண்ணன் பெயரிலுமாக ஊரில் ஒரு வங்கியில் லாக்கர் இருக்கிறது. அப்பா போனபிறகு அண்ணன் பெயரைச் சேர்த்தார்கள். வாடகை அம்மாவின் பென்ஷன் கணக்கிலிருந்து போகும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "லாக்கரை ஒருநாள் பார்த்துடலாமாண்ணா" என்று கேட்டேன். "அது என் பேர்ல இருக்கற லாக்கர்ம்மா, இப்ப என்ன அவசரம்" என்றார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது.

பாட்டி கொடுத்த காசு மாலை, ஒட்டியாணம், வைரத்தோடு, ரெட்டை வடச் சங்கிலி, அப்புறம் வெள்ளிச் சாமான்கள். எனக்குத் தெரிந்து இவை இருந்தன. இப்போது இருக்கிறதா என்று தெரியாது. வங்கிக்குப் போய்க் கேட்டேன். "உங்க பேர் இதுல இல்ல. சர்வைவர், அதாவது உயிரோட இருக்கற கூட்டுப் பேர்க்காரர், அவர்தான். நாங்க எதுவும் சொல்ல முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனது அவர்தான். ஆனால் பெயர் இருப்பதால் நகையெல்லாம் அவருக்கே என்று ஆகிவிடுமா?

சூடான_காபி
காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நம்பிக்கை மோசடி. இரண்டே நாளில் சாவி மேசைக்கு வரும்.

பழைய_காசாளர்
சாவி வராது, சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கியதற்கான சீட்டு) ஒன்று வரும். "சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அதற்குள் அண்ணன் தங்கை உறவும் போயிருக்கும்.

காவேரிக்கரை அம்மா, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லாக்கர் அறைச் சாவியைப் பல வருடம் இடுப்பில் சுமந்திருக்கிறேன். மேனேஜர் சொன்னதில் பாதி சரி.

கூட்டு லாக்கரில் முதலில் பார்க்க வேண்டியது, எப்படி இயக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள் என்பதை. "எய்தர் ஆர் சர்வைவர்" என்று இருந்தால், ஒருவர் இறந்ததும் மற்றவருக்குத் திறக்க உரிமை உண்டு. மற்ற பிள்ளைகளின் கையெழுத்தை வங்கி கேட்காது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் திறக்க வேண்டும் என்று இருந்து, நாமினியும் போட்டிருந்தால், உயிரோடு இருப்பவரும் நாமினியும் சேர்ந்து வர வேண்டும்.

ஆனால் திறக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18 அன்று லாக்கர் விதிகளைத் திருத்தி வெளியிட்டது. சர்வைவருக்கோ நாமினிக்கோ திறந்துவிடும்போது, இறந்தவரின் வாரிசுகளுக்கு டிரஸ்டியாகத்தான் (அவர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவராகத்தான்) திறந்துவிடுகிறோம், மற்றவர்கள் உங்கள்மேல் உரிமை கோருவதை இது பாதிக்காது என்று வங்கி அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் மேனேஜர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அந்தத் திருத்தத்துக்குப் பிறகு பழைய வாடிக்கையாளர்களிடமும் முத்திரைத்தாளில் புது ஒப்பந்தம் வாங்கினார்கள். ஒரு பிரதி அம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். பாஸ்புக் வைக்கும் பையில் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மாவின் ஃபோன் யாரிடம் இருக்கிறது? லாக்கர் திறக்கப்பட்டால் அன்றைக்கே பதிவு செய்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

மலைக்கோட்டை
அண்ணன்களுக்கும் ஒரு வாய் வேண்டும் அல்லவா, நான் பேசுகிறேன்.

என் பெயரும் அப்பா லாக்கரில் இருந்தது. ஆசைப்பட்டு நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, லாக்கர் அறை நிலவறையில் இருந்தது, படி இறங்க முடியவில்லை. அப்பா போனபிறகு திறந்தால் அக்காவின் கண்ணில் இருந்த ஒரு முகப்புச் சங்கிலி இல்லை. நான் விற்றுவிட்டேன் என்று மச்சான் ஊரெல்லாம் சொன்னார். என் மனைவி அந்த வருடம் அக்கா வீட்டுக்குப் பொங்கல் சீர் வாங்கி அனுப்பவில்லை.

கடைசியில் அப்பாவின் டைரி அட்டைக்குள் அடகுச் சீட்டு இருந்தது. அக்கா பையனின் இன்ஜினியரிங் முதல் வருடக் கட்டணத்துக்கு அவரே அடகு வைத்து, மூழ்கவிட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

பெயர் சேர்க்கப்பட்டவன் கையில் சாவியும் இருக்கும், பழியும் இருக்கும். உங்கள் அண்ணன் திறக்க மறுப்பது திருடியதால்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காவேரிக்கரை
பழைய காசாளர் ஐயா, அம்மாவின் பட்டன் ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது, வாட்ஸ்அப் இல்லாத ஒரே ஃபோன் என்பதால் யாரும் கேட்கவில்லை. சார்ஜ் போட்டுப் பார்த்தேன். லாக்கர் பற்றிய கடைசி மெசேஜ் தை மாதத்தில் வந்தது. என் மகள் சடங்குக்கு அம்மாவே போய்த் தோடு எடுத்து வந்த நாள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மலைக்கோட்டை சார், படித்ததும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அண்ணி என் தங்கையிடம் ஃபோனில் "அத்தை எல்லாத்தையும் எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னால் போதுமா?

கோர்ட்_வாசல்
போதாது.

நான் டெல்டா பக்கம் சிவில் வழக்கு நடத்துகிறவள். கட்டணம் இல்லாத பொதுவான பதில் இது, உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் சொல்வது.

நகை அசையும் சொத்து. அதைத் தானமாகக் கொடுக்கப் பதிவுப் பத்திரம் வேண்டும், அல்லது கையில் ஒப்படைத்திருக்க வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. "எனக்கப்புறம் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் லாக்கரிலேயே வைத்திருந்தால் அது தானம் ஆகாது. எனக்கப்புறம் என்றால் உயில் எழுதியிருக்க வேண்டும், இரண்டு சாட்சிகளோடு.

உயில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இந்துக்கள் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 15ஆம் பிரிவு. பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், கணவர் ஆகியோருக்குச் சமமாகப் போகும். அப்பா இல்லாததால் மூன்றில் ஒரு பங்கு ஆளுக்கு. பாட்டி கொடுத்ததா, அப்பா வாங்கியதா என்பதெல்லாம் பிள்ளைகள் இருக்கும்போது வித்தியாசம் இல்லை. கல்யாணமான மகள், கனடா மகள் என்பதும் இல்லை. "அவளுக்குக் கல்யாணத்திலேயே போட்டாச்சு" என்ற வாதமும் சட்டத்தில் நிற்காது. வீட்டில் நிற்கும், அது வேறு.

நாமினி பற்றியும் ஒரு வார்த்தை. நாமினி என்றால் சொந்தக்காரர் என்று ஊரே நினைக்கிறது. ஆயுள் காப்பீட்டில் அன்றைய சட்டப்படி 1984இல் சர்பதி தேவி வழக்கு, வங்கி டெபாசிட்டில் 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கு, பங்குகளில் 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கு. மூன்றிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒன்றுதான்: நாமினி வாங்கி வைத்துக்கொள்பவர், வாரிசுரிமையை அது மாற்றாது.

சூடான_காபி
அப்படியென்றால் "திறக்கவிடாதீர்கள்" என்று வங்கிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினால் போதுமே?

பழைய_காசாளர்
தம்பி, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 45இசட்எஃப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. லாக்கர் எடுத்தவர் அல்லாத பிறர் கொடுக்கும் உரிமைக் கோரிக்கை வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்ற உத்தரவு கொண்டு வந்தால் கட்டுப்படுத்தும். நடைமுறையில் சில மேனேஜர்கள் கடிதத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்தி வைப்பார்கள், சிலர் கோப்பில் போட்டுவிட்டுத் திறந்துவிடுவார்கள். அதை நம்பி இருக்க முடியாது.

ஆனாலும் கடிதம் எழுதலாம், வேறு காரணத்துக்காக. லாக்கர் அறை வாசலின் சிசிடிவி பதிவை 180 நாட்களாவது வைத்திருக்க வேண்டும். யார் எப்போது உள்ளே போனார்கள் என்று பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்தும் இருக்கும். "அம்மா இறந்த தேதியிலிருந்து உள்ள பதிவுகளைப் பாதுகாத்து வையுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். காட்ட மாட்டார்கள். நாளைக்கு நீதிமன்றம் கேட்கும்போது அழிந்துவிட்டது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

உள்ளே என்ன இருந்தது என்று வங்கி சொல்லும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வங்கிக்கே தெரியாது. அந்த 2021 விதிகளுக்குக் காரணமான கொல்கத்தா வழக்கைப் பாருங்கள், அமிதாப தாஸ்குப்தா வழக்கு. அதுவும் அம்மாவும் மகனும் சேர்ந்து வைத்திருந்த லாக்கர்தான். வாடகை பாக்கி என்று வங்கி உடைத்துவிட்டது. பாக்கியே இருக்கவில்லை. ஏழு நகை இருந்தது என்றார் மகன், இரண்டைத்தான் வங்கி கொடுத்தது. உச்ச நீதிமன்றம் வங்கியின் அலட்சியத்துக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. மீதி நகை இருந்ததா இல்லையா என்பதைச் சிவில் கோர்ட்டில் நிரூபித்துக்கொள் என்று விட்டுவிட்டது.

ஸ்கார்பரோ_சுதா
கனடா தங்கைக்காக ஒரு வரி. அவர் வர முடியாவிட்டால் ஊரில் இருக்கும் யாருக்காவது பவர் (தன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து கனடாவும் அப்போஸ்டில் (பிற நாட்டில் செல்ல ஆவணத்துக்குத் தரும் அரசுச் சான்று) நாடு. நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் வாங்கி அனுப்பினால் ஆயிற்று. இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். பவரை உங்கள் பெயருக்கே கொடுக்கச் சொல்லாதீர்கள் காவேரிக்கரை, அண்ணன் தப்பாக நினைப்பார். மாமா, சித்தப்பா யாராவது இருந்தால் நல்லது.

கீழக்கரை_வாசி
முஸ்லிம் வீடுகளில் பங்கு வேறு மாதிரி, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று. வாய்மொழியாகக் கொடுக்கும் ஹிபா (தானம்) செல்லும். ஆனால் அதற்கும் உயிரோடு இருக்கும்போதே பொருளைக் கைமாற்றியிருக்க வேண்டும். சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு "கொடுத்துட்டேன்" என்றால் எங்கள் ஜமாஅத்திலும் கேட்பார்கள்.

தெற்கு_மாசி
எங்கள் கதை இதைவிடக் கூத்து. அப்பா உயில் எழுதினார். அதைப் பத்திரமாக லாக்கரில் வைத்தார். லாக்கர் அவர் பெயரில் மட்டும், நாமினி கிடையாது. உயில் இருந்தால்தான் திறப்போம் என்றது வங்கி, திறந்தால்தான் உயில் கிடைக்கும்.

தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டு, அதிகாரி, சாட்சிகள் முன்னிலையில் இன்வென்டரி (பொருள் பட்டியல்) எடுத்தோம். சின்ன தம்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்று இழுத்தடித்தான். உள்ளே பார்த்தால் உயிலில் அவனுக்குத்தான் அதிகம்.

கோர்ட்_வாசல்
தெற்கு மாசி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில கிளைகளில் "சக்சஷன் சர்டிபிகேட் கொண்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். அது கடன், டெபாசிட், பங்கு போன்றவற்றுக்கு நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்று. லாக்கரில் உள்ள நகைக்கு அல்ல. அலைய வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

காவேரிக்கரை, உங்களை ஒன்று கேட்கிறேன். அண்ணியின் நகை எங்கே இருக்கிறது?

காவேரிக்கரை
அண்ணி நகையா? தெரியாதே. வீட்டில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

கோர்ட்_வாசல்
மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்து, லாக்கர் ஒன்றே ஒன்று இருந்தால், இரண்டு பேர் நகையும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கும். என்னிடம் வரும் லாக்கர் தகராறுகளில் அடிக்கடி பார்ப்பது இது. மருமகளின் பிறந்த வீட்டுச் சீர் அவருடைய சீதனம், அதில் உங்கள் மூவருக்கும் ஒரு குண்டுமணி கிடையாது, அவர் புருஷனுக்கே கிடையாது. ஆனால் வெல்வெட் டப்பாக்களில் பெயர் எழுதியா வைக்கிறார்கள்? நாத்தனார்கள் முன்னால் திறந்தால் தன்னுடையதையும் பங்கு போட்டுவிடுவார்களோ என்ற பயம். "எல்லாம் எனக்கு" என்று அவர் சொல்வது சில சமயம் "என்னுடையதைத் தொடாதே" என்பதாக இருக்கும்.

எனக்கு ஒன்றும் உறுதியாகத் தெரியாது, ஊகம்தான். ஆனால் அடுத்த முறை பேசும்போது அம்மா நகையில் ஆரம்பிக்காதீர்கள். "முதலில் அண்ணியோடதை அண்ணி எடுத்து வச்சுக்கட்டும், கல்யாண ஆல்பம் பார்த்துப் பட்டியல் போட்டுக்கலாம்" என்று ஆரம்பியுங்கள்.

அதற்கும் படியவில்லை என்றால் வழி இருக்கிறது. நேராகப் பாகப்பிரிவினை வழக்கு போட வேண்டியதில்லை. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு, 15100 எண்ணில் கேட்கலாம். இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள், முடிந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பாகவே எழுதிக் கொடுப்பார்கள். வழக்கே போடுவதென்றால், தடையுத்தரவோடு ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேளுங்கள். அவர் வந்து திறந்து, எடை போட்டுப் பட்டியல் எடுப்பார்.

சூடான_காபி
இவ்வளவு பொறுமை எனக்கு இல்லை. பெயர் சேர்த்தால் சொந்தம் என்று நினைக்கிறவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸாவது போக வேண்டும்.

மலைக்கோட்டை
நோட்டீஸ் வந்த அன்று எங்கள் வீட்டில் அம்மா சாப்பிடவில்லை. அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவரும் அதே வீட்டில்தான் இருப்பார்.

காவேரிக்கரை
பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.

தாய்மாமாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கோர்ட் வாசல் மேடம் சொன்ன மாதிரியே அண்ணியின் நகையில் ஆரம்பித்தேன். அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பீரோவிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அவர் அப்பா கைப்பட எழுதிய சீர்ப் பட்டியல், கடை பில்கள் ஒட்டியது. நாற்பது பவுனுக்கு மேல். எல்லாம் அந்த லாக்கரில்தான் இருக்கிறது. "உங்கம்மா நகைக்கு நான் ஆசைப்படல. இதை யாரும் கேட்டுடக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். மாமா அந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு "இதுல கைவச்சா என்னைக் கேளு" என்றார்.

வரும் வாரம் எல்லோரும் போய்த் திறப்பதாக முடிவு. தங்கை வீடியோ காலில் இருப்பாள்.

இன்னும் ஒன்று மட்டும் தீரவில்லை. ஒட்டியாணம். அண்ணியின் வளைகாப்பில் அம்மா அதை அவர் இடுப்பில் கட்டிவிட்டார். ஃபோட்டோ இருக்கிறது. அன்றைக்கே கொடுத்துவிட்டதாக அண்ணி சொல்கிறார். என் கல்யாணத்திலும் நான் அதைக் கட்டியிருக்கிறேன், அதற்கும் ஃபோட்டோ இருக்கிறது. மேடம், கையில் ஒப்படைத்தால் தானம் என்றீர்களே?

கோர்ட்_வாசல்
விசேஷத்துக்குக் கட்டிவிடுவது ஒப்படைப்பு ஆகாது. கொடுக்கிறேன் என்ற எண்ணமும், வாங்கிக்கொண்டேன் என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். வளைகாப்புக்குப் பிறகு அது யாரிடம் இருந்தது, அவர் தன்னிஷ்டத்துக்கு எடுத்து அணிந்தாரா, அம்மாவிடம் கேட்டு வாங்கினாரா என்று கோர்ட் பார்க்கும். சாட்சி இரண்டு பக்கமும் இருக்கும். நான் உங்கள் வக்கீலாக இருந்தாலும் அந்த ஒட்டியாணத்துக்காக வழக்கு நடத்தச் சொல்ல மாட்டேன், கல்யாண ஆல்பங்களைக் கோர்ட்டில் புரட்டுவது பார்க்க நன்றாக இருக்காது.

பழைய_காசாளர்
போகும் நாளன்று நகை மதிப்பீட்டாளர் ஒருவரை வங்கிக்கு வெளியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். லாக்கர் அறைக்குள் எடை போட விட மாட்டார்கள். கல் நகையைக் கல்லோடு எடை எழுதினால் பின்னால் சண்டை வரும், கல் எடை தனி, தங்கம் தனி என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளே ஒட்டிய கவர் ஏதாவது இருந்தால் எல்லோர் முன்னாலும் பிரியுங்கள், பத்திரமோ ஃபிக்சட் டெபாசிட் ரசீதோ இருக்கலாம்.

பிரித்துக்கொண்டதும் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். நகை மட்டும் என்றால் பதிவு அலுவலகம் போகக் கட்டாயம் இல்லை. நிலத்தை அந்தத் தாளில் சேர்க்காதீர்கள்.

அம்மாவின் பென்ஷன் கணக்கு முடங்கியிருக்கும். வாடகை போகாது. அண்ணன் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று வருடம் வாடகை கட்டாவிட்டால் உடைக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு.

காவேரிக்கரை
ஒட்டியாணம் அண்ணிக்கே இருக்கட்டும் என்று தங்கை சொல்கிறாள். எனக்கு மனசு இன்னும் வரவில்லை. எடை பார்த்தபிறகு பேசலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். நன்றி எல்லோருக்கும்.

பல்லாவரம்_பார்த்தி
இழை பழசாகும் முன் என் கேள்வி. என் அம்மா நன்றாக இருக்கிறார், எண்பது வயது. லாக்கர் அவர் பெயரில் மட்டும். நாங்கள் நான்கு பேர். என் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார். இதைப் படித்தபிறகு பயமாக இருக்கிறது.

பழைய_காசாளர்
பெயர் சேர்க்காமல் நாமினி மட்டும் போடலாம். 2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினி வரை போடலாம். ஆனால் டெபாசிட்டில் செய்வது போல லாக்கரில் நால்வருக்கும் சேர்த்துச் சதவீதம் போட முடியாது, ஒருவருக்குப்பின் ஒருவர் என்ற வரிசைதான். முதல் ஆள் உயிரோடு இருக்கும்வரை இரண்டாமவருக்கு வேலை இல்லை. ஆகவே முதல் பெயர் யார் என்பதில் உங்கள் வீட்டில் ஒரு சுற்றுப் பேச்சு நடக்கும், தயாராக இருங்கள்.

அதைவிட, அம்மாவை ஒருமுறை நேரில் அழைத்துப் போய்த் திறந்து, ஒவ்வொரு நகையையும் ஃபோட்டோ எடுத்து, எது யாருக்கு என்று அவர் வாயால் சொல்வதை உயிலாக எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்குங்கள். உயிலை மட்டும் அந்த லாக்கரில் வைக்காதீர்கள்.

பல்லாவரம்_பார்த்தி
வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன். ஒன்றரை மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்கும், அதற்குள் முடிக்க வேண்டும் என்கிறார் அம்மா. ஆதார், பான் தவிர வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

பழைய_காசாளர்
நாமினிகள் விவரம், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ, பழைய ஒப்பந்தப் பிரதி. அம்மாவின் சாவி. பதினொரு மணிக்கே போய்விடுங்கள், மதியம் லாக்கர் அதிகாரி சாப்பிடப் போனால் உங்கள் ராகு காலத்துக்குள் திரும்ப மாட்டார்.